பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தை அருங்காட்சியகம் ஆக்கும்போது

ஊர் வரலாற்றுச் சங்கங்களின் கைக்குக் கட்டடம் வந்து சேர்வது பெரும்பாலும் திடீரென்றுதான். பிள்ளைகள் குறைந்து பள்ளி மூடப்படும். ரயில் நிற்காத நிலையத்தை ரயில்வே கைவிடும். தபால் நிலையம் புதுக் கட்டடத்துக்குப் போய்விடும். இடித்துவிடலாமா என்ற பேச்சு எழும்போது யாரோ ஒருவர், "சங்கம் எடுத்துக்கொள்ளட்டுமே" என்பார். சாவி கைமாறும். அடுத்த கூட்டத்திலேயே எந்த அறையில் எதை வைப்பது, தட்டச்சு இயந்திரங்களை எங்கே அடுக்குவது, திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்று பேச்சு ஓடத் தொடங்கிவிடும்.

கோளாறு தொடங்கும் இடம் அதுதான். கட்டடத்தைச் சாமான் வைக்கிற இடமாக மட்டும் நினைத்துவிட்டால், உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் கட்டடத்தைக் கொன்றுவிடுவோம். சங்கத்தின் பதிவேட்டில் முதல் எண்ணைக் கட்டடத்துக்குத்தான் தர வேண்டும் என்று நாங்கள் சொல்வது ஒப்புக்கு அல்ல. பதிவேட்டில் ஏறிய பொருளில் ஆணி அடிக்க யாருக்கும் கை வராது. சுவரில் ஆணி அடிக்கும்போதும் அதே தயக்கம் வர வேண்டும்.

சாவிக்கு முன் காகிதம். நிலம் யாருடையது, கட்டடம் யாருடையது, இரண்டும் ஒருவருடையதா என்று முதலில் பாருங்கள். பொதுக் கட்டடங்களில் நிலம் ஒருவர் பெயரிலும் கட்டடம் இன்னொருவர் பொறுப்பிலும் இருப்பது அதிசயமில்லை. குத்தகை என்றால் 25 ஆண்டுக்குக் குறையாமல் கேட்பது நல்லது. குறுகிய குத்தகைக் கட்டடத்துக்கு நிதி தருகிறவர்கள் கூரைச் செலவைத் தர மாட்டார்கள். கூரையும் வெளிச்சுவரும் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். காப்பீட்டை விற்பனை மதிப்புக்கு எடுக்காமல், அதே முறையில் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு எடுக்க வேண்டும். ஆள் புழங்காத கட்டடத்துக்குப் பல காப்பீடுகள் முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. பூட்டிக் கிடக்கும் மாதங்களில்தான் தீயும் திருட்டும் நடக்கும் என்பதால் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

துடைப்பம் எடுப்பதற்கு முன்

உற்சாகமான தொண்டர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப் பெருக்கிக் கழுவி, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிடுவார்கள். அன்று அழியும் சான்றுகள் திரும்ப வராது. கரும்பலகை இருந்த இடம் சுவரில் வேறு நிறத்தில் தெரியும். பெஞ்சுகள் உரசிய வரி ஒரே உயரத்தில் ஓடும். விளக்கு தொங்கிய கொக்கி, கழற்றப்பட்ட தடுப்புச் சுவரின் தடம், நிலைப்படியில் தேய்ந்த பள்ளம், பிள்ளைகள் கீறிய பெயர்கள் எல்லாம் அறை எப்படிப் புழங்கியது என்று சொல்லும். பழைய புகைப்படம் கிடைக்காத கட்டடத்தில் வேறு சாட்சியே கிடையாது.

ஆகவே முதல் வேலை பதிவு. ஒவ்வோர் அறைக்கும் நான்கு சுவர், தரை, மேற்கூரை என்று ஆறு படங்களாவது நேராக நின்று எடுக்க வேண்டும். படத்துக்குள் அளவுகோல் ஒன்று இருக்கட்டும். தரைப்படத்தை 1:50 அளவில் வரையலாம். கதவு, சன்னல், கூரை இணைப்பு போன்றவற்றுக்கு 1:20 அல்லது 1:10 தேவைப்படும். பழைய கட்டடத்தில் மூலைகள் செங்கோணமாக இருக்காது. அதனால் சுவர்களை மட்டும் அளந்தால் போதாது, மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். அளக்காமல் விட்டால், காகிதத்தில் ஒரு அறை மூடும், அடுத்த அறை மூடாது.

வண்ணப் பூச்சைச் சுரண்டுவதற்கு முன் எங்காவது மறைவான மூலையில் ஏணிப்படி போல அடுக்கடுக்காகச் சுரண்டிப் பாருங்கள்: மேல் அடுக்கு மட்டும் ஒரு விரலகலம், அடுத்தது இரண்டு அடுக்கு, பிறகு மூன்று. கடைசியில் சாந்து தெரியும். எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் வந்தது என்பது இதில் வரிசையாகக் கிடைக்கும். அந்த மூலையை அப்படியே விட்டுவிடுங்கள். பார்வையாளர்கள் மிக விரும்பிப் பார்ப்பதும் அதையே. ஒரு எச்சரிக்கை. பழைய எண்ணெய்ப் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாளால் காய்ந்த நிலையில் தேய்த்தால் ஈயத் தூசு அறை முழுக்கப் பரவும். தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்ட வேண்டும், தகுந்த முகக்கவசம் வேண்டும், பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

எல்லாம் தண்ணீர்தான்

ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டடத்தைப் பார்த்த பிறகு பெரிய பழுது வேலையைத் தொடங்குவதே புத்திசாலித்தனம். அதுவரை தார்ப்பாய், தற்காலிக முட்டு, அடைப்பெடுத்த குழாய் ஆகியவை போதும். கொட்டும் மழையில் குடையோடு போய்ச் சுற்றிப் பாருங்கள். வெயில் நாளில் பொறியாளர் பார்த்துச் சொல்லாததை மழை அரை மணியில் காட்டிவிடும். இறவாரத்துத் தகரம் எங்கே வழிகிறது, வடிகுழாய் எங்கே சுவரை நனைக்கிறது, கூரைத் தண்ணீர் விழுந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையெல்லாம் அப்போது குறித்துக்கொள்ளலாம்.

கூரையில் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் ஓடி வருவார்கள். ஏமாற்றுவது ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். பல பத்தாண்டுகளாகச் சாலை உயர்ந்திருக்கும், முற்றத்தில் மண் சேர்ந்திருக்கும், யாரோ நடைபாதைக்குச் சிமெண்டு போட்டிருப்பார்கள். கட்டும்போது தரைக்கு மேலே இருந்த அடிச்சுவர் இன்று மண்ணுக்குள் கிடக்கும். வெளித்தரை மட்டம் உள்தரையைவிடக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மண் கட்டடத்தைவிட்டு விலகிச் சரிய வேண்டும். பல கட்டடங்களில் மண்வெட்டியும் நான்கு ஆட்களும் செய்யும் இந்த வேலையே, விலையுயர்ந்த ஓதத்தடுப்பு ஊசி மருந்துகளைத் தேவையற்றதாக்கிவிடுகிறது. ஆனால் கடைக்காலுக்குக் கீழே தோண்டிவிடக் கூடாது. பழைய கட்டடங்களின் கடைக்கால் நினைப்பதைவிட ஆழம் குறைவு.

அடுத்தது சிமெண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே போவது நிற்காது, வெளியே வருவதுதான் நிற்கும். தண்ணீர் மேலே ஏறி, பூச்சு முடியும் உயரத்துக்கு மேல் உப்புப் பூக்கும். செங்கல்லின் முகம் பொடிந்து உதிரும். அதைப் பார்த்துப் பூச்சை இன்னும் ஓரடி உயர்த்துவார்கள்; ஓதமும் ஓரடி உயரும். தரைக்கு அடியில் பிளாஸ்டிக் விரித்துக் கான்கிரீட் போட்டாலும் இதே கதைதான், தரை வழியாக வெளியேறிய ஈரம் சுவருக்குத் திரும்பும்.

சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்பும்போது சில அளவுகள் கைவசம் இருக்கட்டும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் குறைந்தது 3 மாதம் ஊற விட்டால் பசை போல இழையும். நீறாத குருணை உள்ளே தங்கிவிட்டால் பூசிய பிறகு வெடித்துச் சிறு குழிகள் விழும். பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, பலவித அளவுள்ள கூரான மணல் மூன்று பங்கு என்பது பொது விகிதம். மணலில் உப்போ சேறோ இருக்கக் கூடாது. ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் பூசாதீர்கள். ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயிலும் காற்றும் நேரே படாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு கெட்டிப்படுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி. வேகமாகக் காய்ந்தால் கெட்டிப்படாமல் வெறும் பொடியாக நின்றுவிடும். சுண்ணாம்பு சரியில்லை என்று பழி போடும் பெரும்பாலான வேலைகளில் உண்மையில் நடந்தது இதுதான். குளிர்நாட்டில் வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் தொடவே வேண்டாம்.

கல், செங்கல் இடுக்குகளில் காரை அடைக்கும்போது, இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் சுரண்டி எடுத்த பிறகே அடைக்க வேண்டும். உளியும் சுத்தியலும் மட்டும். சுழலும் அறுப்பான் வைத்து ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று வரும் ஒப்பந்தக்காரர் செங்கல்லின் ஓரங்களையும் சேர்த்தே அறுத்துவிடுவார். காரை எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று அழிய வேண்டியிருந்தால் அது காரையாக இருக்கட்டும், அதைத் திரும்ப அடைத்துக்கொள்ளலாம்.

ஒரு பொறுமை விஷயம். நனைந்த கனமான சுவர் மாதத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் கனம் என்ற வேகத்தில்தான் காயும் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு. அரை மீட்டர்ச் சுவர் இரு பக்கமும் காய்ந்தாலே பத்து மாதம் ஆகும். சுவர் காயும் முன்பே உள்ளே கண்ணாடிப் பெட்டிகளைச் சாத்தி வைத்துவிட்டு, பின்னால் பூஞ்சை பூத்திருக்கிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

மரத்துக்கும் தண்ணீரே எமன். ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்த மரம் உளுக்கும் வாய்ப்பு உண்டு. உத்திரத்தின் நடுவைவிட அதன் முனைகளைப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த ஓரடிதான் முதலில் போகும். கூர்மையான குத்தூசியால் குத்தினால் நல்ல மரம் தடுக்கும், உளுத்தது உள்வாங்கும். முனை மட்டும் போயிருந்தால் முழு உத்திரத்தையும் மாற்றாதீர்கள். கெட்ட பகுதியை அறுத்து, அதே வகை மரத்தைச் சாய்வு இணைப்பில் ஒட்டவைத்து முளையடிக்கத் தச்சருக்குத் தெரியும். புதுத் துண்டின் மறைவான பக்கத்தில் ஆண்டைச் செதுக்கி வைத்தால் பின்னால் வருகிறவர்கள் குழம்ப மாட்டார்கள். சிறு துளைகளைப் பார்த்ததும் பூச்சிமருந்துக்கு ஓட வேண்டாம். துளைக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் காத்திருங்கள்; புதுப் பொடி விழாவிட்டால் பூச்சி எப்போதோ போய்விட்டது. விழுந்தால் பூச்சியைக் கொல்லும் போரேட் உப்புக் கரைசல் பயன்படும், ஆனால் பூச்சோ வார்னிஷோ இல்லாத வெறும் மரத்தில்தான் அது உள்ளே இறங்கும்.

இடம் மாற்றுவது

சாலை விரிவாக்கமோ அணையோ வரும்போது, கட்டடத்தையே பெயர்த்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் நிறுத்தலாம் என்ற யோசனை வரும். இதற்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. நார்வேயில் அரசர் இரண்டாம் ஆஸ்கரின் தொகுப்பு 1881-இல் ஓஸ்லோ அருகே தொடங்கியது. ஆர்தர் ஹசேலியஸ் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தை 1891-இல் திறந்தார். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிலும் தென்னிந்திய வீடுகள் பெயர்த்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஆனாலும் நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 7-ஆவது விதி, நினைவுச்சின்னத்தை அது நிற்கும் இடத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்றே சொல்கிறது; காப்பாற்ற வேறு வழி இல்லாதபோது, அல்லது மிகப் பெரிய பொதுத் தேவை இருக்கும்போது மட்டுமே விலக்கு. வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேடு போன்றவை இடம்பெயர்ந்த கட்டடங்களைச் சாதாரணமாக ஏற்பதில்லை. அரசு அங்கீகாரமும் அதோடு வரும் நிதியும் பறிபோகலாம் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கட்டும், பார்க்க வசதி என்பதற்காக நல்ல நிலையில் உள்ள கட்டடத்தைப் பெயர்ப்பது எங்கள் கணக்கில் அழிப்பதற்குச் சமம்.

வேறு வழியே இல்லை என்றால் இரண்டு முறைகள். மரக் கட்டடங்களை முழுதாகத் தூக்கலாம். அடியில் இரும்புத் தூலங்களைச் செருகி, ஒரே வேகத்தில் சேர்ந்து உயரும் நீரியல் ஜாக்கிகளால் ஏற்றுவார்கள். அதற்கு முன் புகைபோக்கி போன்ற செங்கல் பகுதிகளைப் பிரித்துவிட வேண்டும். கதவு, சன்னல் திறப்புகளைப் பலகை அடித்து, குறுக்குச் சட்டம் கொடுத்து இறுக்க வேண்டும். வழியில் மின்கம்பி, பாலத்தின் தாங்குதிறன், திருப்பத்தின் அகலம் ஆகிய மூன்றும் ஒருநாள் வேலையை ஒருமாத வேலையாக்கிவிடும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. புது இடத்தில் கடைக்காலை வரைபடப்படி அச்சு மாறாத செவ்வகமாகக் கட்டி முடித்துவிடுவார்கள். பழைய கட்டடம் அப்படிச் செவ்வகமாக இராது. கொண்டுவந்து இறக்கும்போது ஒரு மூலை சுவரைவிட்டு ஒரு சாண் வெளியே நிற்கும். கட்டடத்தை மரக்கட்டை அடுக்குகளின் மேல் நிறுத்தி வைத்து, அதன் உண்மையான அடிச்சட்டத்துக்கு ஏற்பக் கடைக்காலைக் கீழே கட்டுவதே நல்லது. பழைய இடத்தில் எந்தத் திசை பார்த்து நின்றதோ அதே திசையில் நிறுத்துங்கள். வெயிலும் காற்றும் கணக்குப் பார்த்து வைத்த சன்னல்கள் அவை.

இரண்டாவது முறை பிரித்துக் கட்டுவது. இதில் எண்ணிடுவதுதான் உயிர். சுவருக்கு ஓர் எழுத்து, அடியிலிருந்து மேலே வரிசைக்கு ஓர் எண், இடமிருந்து வலமாகத் துண்டுக்கு ஓர் எண். சாக்கட்டி அழியும், மார்க்கர் மை வெயிலில் வெளுக்கும், காகித அட்டையை எலியும் மழையும் தின்னும். எண் பொறித்த துருப்பிடிக்காத தகட்டைத் துருப்பிடிக்காத ஆணியால் அடிக்க வேண்டும். எல்லாத் துண்டிலும் ஒரே இடத்தில், உதாரணமாக இடது முனையில் மட்டும், அடித்தால் எது மேல் எது கீழ் என்ற சந்தேகமே வராது. எண்ணிட்ட பிறகு மறுபடி எல்லாச் சுவரையும் படமெடுங்கள். பட்டியலின் ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

பிரித்த மரத்தைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், துண்டுக்குத் துண்டு குச்சி இடைவெளி வைத்து, கூரைக்கு அடியில் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்து உளுக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் தட்டினால் கழன்று வரும். சிமெண்டில் கட்டியது உடைந்தேதான் வரும், அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், திரும்பக் கட்டும் பணம் கையில் இருக்கும்போது மட்டும் பிரியுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துக் கொட்டகையில் அடுக்கப்பட்ட கட்டடங்கள் கடைசியில் விறகாகவே போகின்றன.

எந்த ஆண்டுக்குத் திரும்புவது

சங்கக் கூட்டங்களில் சண்டை வரும் இடம் இது. 1905-இல் கட்டி, 1930-களில் தாழ்வாரம் சேர்த்து, 1960-களில் மின்விளக்கு போட்ட பள்ளியை எந்தக் காலத்துக்குத் திருப்புவது? கட்டிய நாளுக்கே என்று பலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் அங்கே படித்து இன்னும் உயிரோடிருக்கும் ஒருவருக்குக்கூட அது தான் படித்த பள்ளியாக இருக்காது. தெரியாத பகுதிகளைக் கற்பனையால் நிரப்பவும் வேண்டிவரும். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்பது வெனிஸ் சாசனத்தின் 9-ஆவது விதி. கடைசியாகப் புழங்கிய காலத்தையே அடிப்படையாக வைத்து, முந்திய அடுக்குகளை அங்கங்கே தெரியவிடுவது எங்களுக்குப் பிடித்த வழி. சான்றும் அதிகம், செலவும் குறைவு.

வகுப்பறைக்குப் போட்ட தளம் கூட்டத்தைத் தாங்குமா என்பதைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குத்தான் கணக்கிடுவார்கள். கூட்டம் கூடும் இடத்துக்கு 400 முதல் 500 வேண்டும். தாங்காது என்றால் மாடியை ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று கட்டுப்படுத்துவது, இரும்புத் தூலம் கொடுத்துக் கட்டடத்தைச் சிதைப்பதைவிட மேல். சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு ஓரடி உயர 12 அடி நீளம் என்ற கணக்கு. அதைச் சுவரில் ஒட்டாமல், பின்னால் கழற்றக்கூடியதாகச் செய்யலாம்.

மின்சாரத்தில் மட்டும் பழமையைப் பேணாதீர்கள். பழைய வயரிங்கை முழுக்க மாற்றி, பழைய சுவிட்சுகளை இணைப்பில்லாமல் காட்சிக்கு விடுங்கள். பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவு எரிந்தது. விசாரணை ஓர் ஏசி இயந்திரத்திலிருந்து தீ தொடங்கியதைக் காட்டியது. சுமார் 2 கோடிப் பொருள்கள் இருந்த இடம் அது. சின்னச் சங்கத்தால் செய்ய முடிவது, பூட்டிப் போகும்போது முதன்மை மின்இணைப்பை அணைப்பது, புகை அறிவிப்பானை மனிதர் இருக்கும் இடத்தோடு இணைப்பது, கூரை வேலையின்போது தீச்சுடர்க் கருவியை அனுமதிக்காதது.

வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பொருள்கள்

அருங்காட்சியகம் வருகிறது என்று தெரிந்ததும் ஊரே பரண் சுத்தம் செய்யும். தையல் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, தட்டச்சு இயந்திரம், கேமரா என்று ஒரே வகையில் எத்தனையோ வரும். வேண்டாம் என்று சொல்ல ஓர் எழுதிய கொள்கை இருந்தால் மனத்தாங்கல் குறையும்: இந்த ஊர், இந்தக் கட்டடம், இந்தக் காலம் ஆகியவற்றோடு தொடர்புள்ளவை மட்டும், அதுவும் யார் பயன்படுத்தியது என்ற விவரத்தோடு. விவரமில்லாத நூறு பொருள்களைவிட, எந்த ஆசிரியர் எந்த ஆண்டில் அடித்தார் என்று தெரிந்த ஒரு பள்ளி மணி மேல்.

ஏற்றுக்கொண்டால் அன்றே நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்து. "நிரந்தர இரவல்" என்ற சொல்லை அனுமதிக்கவே கூடாது. கொடுத்தவர் காலமான பிறகு பேரன் வந்து கேட்பான், அதுவரை பழுதுபார்க்கும் செலவு சங்கத்துடையது. எண் முறை எளிமையாக இருக்கட்டும்: ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது நன்கொடை, அதில் எத்தனையாவது பொருள். 2024.15.3 என்றால் போதும். உலோகம், மரம், பீங்கானில் முதலில் பாரலாய்டு பி-72 என்ற நிறமற்ற பிசின் ஒரு பூச்சு, அதன்மேல் எண், அதற்கு மேல் இன்னொரு பூச்சு. தேவைப்பட்டால் அசிடோனில் துடைத்து எடுத்துவிடலாம். காகிதத்தில் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சில். துணியில் எண்ணெழுதிய பருத்தி நாடாவைத் தைக்க வேண்டும். ஒட்டும் நாடா எதிலும் கூடாது.

அபாயப் பொருள்களும் வரும். பாடம் செய்த பழைய பறவை, விலங்குகளில் ஆர்செனிக் நஞ்சு இருக்கலாம். கையுறையில்லாமல் தொட வேண்டாம். 1950-களுக்கு முந்திய திரைச்சுருளில் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் இருக்கலாம்; வினிகர் வாடை அல்லாத ஒரு காரநெடி, பழுப்புப் பிசுபிசுப்பு தெரிந்தால் கட்டடத்துக்கு வெளியே வைத்துவிட்டுத் திரைப்படக் காப்பகத்தைக் கேளுங்கள். பழைய வெடிகுண்டு, தோட்டா வந்தால் காவல்துறை.

எந்தத் துணியும் புத்தகமும் நேராகக் காட்சி அறைக்குள் போகக் கூடாது. பாலிதீன் உறையில் காற்றை வெளியேற்றி இறுக்க மூடி, தனி அறையில் வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் உறைகுளிர்ப் பெட்டியில் மைனஸ் 30 டிகிரியில் 3 நாள், அல்லது மைனஸ் 20-இல் ஒரு வாரத்துக்குக் குறையாமல். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் காத்திருந்தால்தான் நீர் பொருளின் மேல் படியாது. எண்ணெய் ஓவியத்தை இப்படி உறையவிடக் கூடாது. அந்துருண்டையை மறந்துவிடுங்கள், அது பூச்சியைவிடப் பொருள்களைக் கவனிப்பவரைத்தான் அதிகம் துன்புறுத்தும்.

வெளிச்சத்துக்கு இரண்டு எண்கள் போதும். துணி, காகிதம், புகைப்படம் இவற்றின்மேல் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு). மரம், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ். புற ஊதாக் கதிரை முடிந்தவரை வடிகட்ட வேண்டும். சன்னல் பக்கம் பகலில் ஆயிரக்கணக்கான லக்ஸ் அடிக்கும். பழைய மரக்கதவுகளைச் சாத்தி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வெளிச்சத்தால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், ஓய்வு கொடுத்தாலும் வெளுத்தது திரும்பாது. ஆகவே துணிகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிக் காட்டுங்கள். அசல் வகுப்புப் பதிவேட்டைப் பெட்டியில் வைத்து, நகலை மேசையில் வைத்தால் பிள்ளைகள் புரட்டியும் பார்ப்பார்கள்.

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். அதற்குக் குளிர்சாதனம் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். திறந்திருக்கும் நேரம் மட்டும் ஓடவிட்டால் தினமும் ஏற்ற இறக்கம் வந்து மரம் வெடிக்கும், பூச்சு உரியும். சுண்ணாம்புச் சுவரும் திறந்த கூரையும் தாமாகவே ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும் வேலையைச் செய்துவந்தவை. காய்ந்த நாளில் சன்னலைத் திறந்து, ஈர நாளில் மூடி, ஈரப்பதத்தைக் குறிக்கும் ஒரு பதிவுமானி வைத்துக் கண்காணித்தால் பல கட்டடங்களுக்கு அதுவே போதுகிறது. பொருள்களைத் தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்த்தி, வெளிச்சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும்.

விளக்க அட்டைகள் 60, 70 சொற்களைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை. சுவரில் துளையிடாமல் நிற்கும் சட்டத்தில் மாட்டுங்கள். மெழுகு பொம்மை ஆசிரியர் வேண்டாம்.

நிதி திரட்டும்போது திறப்பு விழாவுக்கு எல்லோரும் தருவார்கள், மூன்றாம் ஆண்டு இறவாரக் குழாய்க்கு யாரும் தரமாட்டார்கள். கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவில் 2 முதல் 4 சதவீதம் ஆண்டுப் பராமரிப்புக்கு என்பது பொதுவாகப் பேசப்படும் அளவு. அதில் பாதியாவது தனிக் கணக்கில் ஒதுக்க முடியாத சங்கம் இரண்டாவது கட்டடத்தை ஏற்கக் கூடாது. மாதம் ஒருமுறை ஒரே வரிசையில் சுற்றி வந்து ஒரே தாளில் குறியிடுங்கள்: கூரை, இறவாரம், வடிகுழாய், அடிச்சுவர், சன்னல், பூச்சிப்பொறி, தீயணைப்பான். சாவி இரண்டு பேரிடம் மட்டும், கையெழுத்துப் பெற்று. சங்கம் ஒருநாள் கலைந்தால் கட்டடமும் பொருள்களும் யாரிடம் போகும் என்பதை விதிமுறையில் இப்போதே எழுதி, அந்த அமைப்பின் சம்மதத்தையும் கடிதமாக வாங்கிக் கோப்பில் வையுங்கள்; உறுப்பினர்கள் குறையத் தொடங்கிய பிறகு அந்தக் கடிதத்தைத் தரும் மனநிலையில் எந்த அமைப்பும் இருப்பதில்லை.